லேபிளும் வலைப்பக்கமும்: சிவகாசியின் இரு வடிவமைப்புகள்

சிவகாசியில் டிசைனர் என்று சொன்னால் இன்று இரண்டு பேரை நினைக்கலாம். ஒருவர் பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் படம் அமைத்து ஆப்செட் அச்சகத்துக்கு அனுப்புபவர். இன்னொருவர் பட்டாசுக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பவர். இருவரின் கணினியிலும் ஓடுவது அதே போட்டோஷாப்தான். பல சமயம் இருவருக்கும் வேலை தருகிற முதலாளியும் ஒருவரே. இருந்தும் முன்னவர் செய்வதைக் கைத்தொழில் என்றும், பின்னவர் செய்வதைத் தொழில்நுட்பம் என்றும் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை பல இடங்களில் செல்லுபடியாவதில்லை. செல்லுபடியாகும் இடங்களும் நாம் முதலில் நினைப்பவை அல்ல.

இரண்டின் பிறப்பிலேயே ஓர் ஒற்றுமை இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததால் லேபிள் தேவைப்பட்டது; லேபிள் தேவைப்பட்டதால் லித்தோ அச்சு ஊருக்குள் வந்தது. வலையின் கதையும் இதே வரிசையில்தான் நடந்தது. 1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதைத் திட்டமிட்டது, ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கிற சி.எஸ்.எஸ். 1994இல் முன்மொழியப்பட்டு 1996இல்தான் தரநிலையானது. அங்கே வடிவமைப்பு சரக்கைப் பின்தொடர்ந்தது; இங்கே தகவலைப் பின்தொடர்ந்தது. இரண்டு இடத்திலும் பின்னால் வந்தது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

அளவில் தொடங்குவோம். தீப்பெட்டி லேபிள் ஏறக்குறைய இரண்டு அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். பெட்டிக்கடையின் அரையிருட்டில் பல மார்க்குகளுக்கு நடுவே அது அடையாளம் தெரிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ‘அணில் கொடு’, ‘சேவல் கொடு’ என்று கேட்டு வாங்க வேண்டும். அதனால் லேபிள் தனக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டது. நடுவில் ஒரே உருவம், அதற்குப் பின்னால் ஒரே தட்டையான நிறம், அழுத்தமான கோடு, உருவத்தைச் சுற்றி வளைந்தோடும் எழுத்து. கைப்பேசித் திரையில் விரல் நுனி அளவுக்கு ஐகான் வரைகிற டிசைனர் இன்று கடைப்பிடிக்கும் விதிகளும் இவைதாம். ஆனால் போட்டி நடக்கும் களம் வேறு. லேபிள் தன் எதிரிகளோடு ஒரே தட்டில் தோளுரசி நிற்கிறது. வலைப்பக்கம் திரையில் தனியாக நிற்கிறது, அதன் எதிரி ஒரு விரல் அசைவுக்கு அப்பால் மறைந்திருக்கிறது. எனவே லேபிளின் கவலை கண்ணில் படுவது. பக்கத்தின் கவலை கண்ணைப் போகவிடாமல் நிறுத்துவது.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியின் காலண்டர் நிறுவனங்கள் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுகின்றன. முருகன், லட்சுமி, மாதா, மெக்கா, நீர்வீழ்ச்சி, குழந்தை என்று படங்கள் அதில் அணிவகுக்கும். ஏஜெண்ட் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார். ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் கீழே காலியாக விடப்பட்ட இடத்தில் அவரவர் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் ஏறும். படம் பலருக்கும் பொது, பெயர் மட்டும் தனி. 2005இல் வேர்ட்பிரஸ் மென்பொருள் ‘தீம்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது உலகம் அதைப் புதுமையாகப் பார்த்தது. ஆயத்தமான தோற்றங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, தன் பெயரையும் சரக்கையும் அதில் பொருத்திக்கொள்ளும் அந்த முறை, சிவகாசியில் பல பத்தாண்டுகளாக ஆடி மாத வழக்கமாக இருந்துவருகிறது.

படைத்தவரின் பெயர் என்ன ஆகிறது என்று பார்த்தால் இரண்டும் கொஞ்சம் விலகுகின்றன. காலண்டர் ஓவியத்தின் பெரிய பெயர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். அவரும் டி.எஸ். சுப்பையா முதலான சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகித் தென்னிந்திய வீடுகளின் பூஜையறைச் சுவரை நிறைத்தன. படத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்தும் இருந்தது. பட்டாசு லேபிள் வரைந்தவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர் பெயர் லேபிளில் எங்குமே இருக்காது. வலைப்பக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். செய்த ஆளின் பெயர் இருக்காது. காலண்டர் கலையை ஆராய்ச்சியாளர்கள் மதித்துப் படித்திருக்கிறார்கள். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட ‘காட்ஸ் இன் தி பஜார்’ சிவகாசியை விரிவாகப் பேசுகிறது. லேபிளுக்கும் பட்டாசுக் கடையின் வலைப்பக்கத்துக்கும் அப்படி ஒரு நூல் வர வேண்டும்.

தினசரி காலண்டரின் ஒரு தாளை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். நடுவில் பெரிய எண், தேதி. கூடத்தின் மறுகோடியிலிருந்தும் அது தெரிய வேண்டும். அதைச் சுற்றிக் கிழமை, தமிழ் மாதம், தமிழ்த் தேதி; இவை நாலடி தூரத்துக்கு. ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், திதி, நட்சத்திரம் ஆகியவை சுவருக்கு அருகே போய்ப் பார்ப்பவருக்கு. அடியில் ராசிபலன், ஒவ்வொரு ராசிக்கும் ஒரே சொல். அது தாளைக் கிழிக்க வந்தவர் கண்ணுக்கு மட்டும். ஒரே தாளில் மூன்று நான்கு வாசிப்புத் தூரங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் அடங்கியிருக்கின்றன. 2010இல் ஈதன் மார்கோட் முன்வைத்த ‘ரெஸ்பான்சிவ்’ வடிவமைப்பும் இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே செய்தியைப் பெரிய திரைக்கும் சிறிய திரைக்கும் எப்படிப் பொருத்துவது என்பதுதான் அதன் கேள்வி. வலையின் விடை, திரைக்குத் தக்கபடி பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளட்டும் என்பது. காலண்டரின் விடை, தாள் மாறாது, எழுத்தின் அளவே தூரத்தைப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்பது. முதல் விடை கணினிக்கு வேலை வைக்கிறது. இரண்டாவது விடை டிசைனரின் கண்ணுக்கு வேலை வைக்கிறது. இந்த ஓர் இடத்தில் தயக்கமின்றிக் காலண்டர் பக்கமே என் வாக்கு.

நிறத்தில் இரண்டும் பிறவியிலேயே எதிரெதிர். அச்சு மை வெள்ளைத் தாளிலிருந்து ஒளியைக் கழிக்கிறது. திரை இருட்டில் ஒளியைக் கூட்டுகிறது. திரையில் மின்னிய பச்சையும் நீலமும் நாலு கலர் அச்சில் மங்கிப்போவதை அச்சக டிசைனர்கள் நாள்தோறும் வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது கலர் ஏற்றியோ தகடு ஒட்டியோ ஈடுகட்டுகிறார்கள். இத்தனை வேறுபாட்டுக்கு நடுவே ஒரு நிறம் மட்டும் பட்டாசு மருந்தையும் திரையையும் ஒருசேரத் திணறடித்திருக்கிறது. அது நீலம். வாணவேடிக்கையில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பைத் தருகிறது, பேரியம் பச்சையைத் தருகிறது, சோடியம் மஞ்சளைத் தருகிறது. மூன்றும் ஓரளவு எளிதில் கிடைப்பவை. நீலத்துக்குத் தாமிரம் வேண்டும். நல்ல நீலம் தருகிற தாமிரச் சேர்மமோ சுடர் அதிகமாகச் சூடேறினால் சிதைந்துவிடுகிறது. வெப்பம் குறைந்தால் ஒளி போதாது, கூடினால் நிறம் போய்விடும். எல்.இ.டி.யின் கதையைப் பாருங்கள். சிவப்பு விளக்கு 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு உலகம் 1990களின் தொடக்கம் வரை காத்திருந்தது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் கிடைத்தது. பல கைப்பேசித் திரைகளுக்குப் பின்னால் எரியும் வெள்ளொளி அந்த நீலத்திலிருந்து வருவதே. வானத்தில் இன்னும் முழுதாகப் பிடிபடாத நிறத்தின் மேல்தான் வலைப்பக்கங்கள் எல்லாம் நிற்கின்றன.

விளையாட்டுக்கு வருவோம். வீடியோ கேமில் தீயும் புகையும் பொறியும் எப்படி வரையப்படுகின்றன? 1982இல் வெளியான ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தில் ஒரு கோளைத் தீ சூழும் காட்சிக்காக, லூகாஸ்ஃபிலிமில் இருந்த வில்லியம் ரீவ்ஸ் ஒரு முறையை உருவாக்கி, 1983இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். உருவத்தைக் கோடாக வரையாமல் ஆயிரக்கணக்கான துகள்களைப் பிறப்பிப்பதுதான் அந்த முறை. ஒவ்வொரு துகளுக்கும் புறப்படும் திசை, வேகம், நிறம், அளவு, ஆயுள் கொடுக்கப்படும். ஒவ்வொன்றிலும் சிறிது தற்செயலும் கலக்கப்படும். ஆயுள் தீர்ந்த துகள் மறைந்துவிடும். அதே கட்டுரையில் வாணவேடிக்கையும் ஓர் எடுத்துக்காட்டாக வருகிறது. பேன்சி ரகப் பட்டாசுக்கு மணிமருந்து உருட்டுகிற சிவகாசித் தொழிலாளியிடம் இதைச் சொன்னால் அவருக்குப் புதிதாக எதுவும் இருக்காது. மணியின் மருந்து நிறத்தைத் தீர்மானிக்கிறது, பருமன் எரியும் நேரத்தைத் தீர்மானிக்கிறது, நடுவே உள்ள வெடிமருந்து வேகத்தைத் தீர்மானிக்கிறது. கைவேலை என்பதால் தற்செயல் தானாகவே கலந்துவிடுகிறது. நிரலாளர் எண்களில் எழுதுவதை இவர் மருந்தில் எழுதுகிறார்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். நிரலாளரின் தவறான எண் திரையை உறைய வைக்கும், அவ்வளவுதான். மருந்துக் கலவையில் தவறு உயிரை எடுக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் விருதுநகர் மாவட்டத்தில் விபத்து இல்லாத ஆண்டு அரிது. லேபிளின் அழகையும் துகளின் அழகையும் ஒப்பிடும்போது இதை ஒதுக்கிவைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

லேபிளே விளையாட்டாகவும் இருந்திருக்கிறது. கரிசல் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டிப் படம் ஒரு காலத்தில் விளையாட்டுக் காசு. எங்கும் கிடைக்கிற மார்க்குக்கு மதிப்புக் குறைவு, வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த மார்க்குக்கு மதிப்பு அதிகம். இன்றைய ஆன்லைன் கேம்களில் அரிய பொருளுக்கு விலை ஏறும் கணக்கும் அதுவே. அங்கே அருமையை ரயிலும் லாரியும் தீர்மானித்தன. இங்கே கேம் நிறுவனம் தீர்மானிக்கிறது.

ஓசையின் கதையில் ஓர் ஆண்டு வியப்பூட்டுகிறது. பட்டாசுக்கும் வலைக்கும் ஒரே ஆண்டில், 2018இல், வாய்ப்பூட்டு விழுந்தது. பட்டாசுச் சத்தத்துக்கு அதற்கு முன்பே அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 1999 முதல் விதி. வலையிலும் பக்கம் திறந்தவுடன் தானாக ஒலிக்கும் இசை தொடக்கக் காலத்திலிருந்தே பலருக்கும் தொல்லை. 2018 ஏப்ரலில் கூகுளின் குரோம் உலாவி, பயனர் தொடாமல் பக்கம் ஒலியெழுப்பக் கூடாது என்றது. அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளி இரவில் 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம், சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. இரண்டு ஆணைகளும் உடனே இடறியதும் ஒன்றுபோலத்தான். குரோமின் தடையால் இணைய விளையாட்டுகளும் இசைச் செயலிகளும் ஊமையாயின. எதிர்ப்பு எழுந்ததும் அவற்றுக்கான பகுதியை மே மாதம் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, ஆண்டின் இறுதியில் மீண்டும் கொண்டுவந்தார்கள். நீதிமன்ற ஆணை இரவை மட்டும் கணக்கில் கொண்டிருந்தது; விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிப்பது தமிழ்நாட்டு வழக்கம் என்று அரசு முறையிட்டதும், இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அது அமைந்தது. ஓசையைக் கட்டுப்படுத்த முனைகிற எவரும், அது எந்த நேரத்தில், யாருக்கு இசையாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

அதே தீர்ப்பு பட்டாசின் ஆன்லைன் விற்பனையையும் தடுத்தது. அதன் விளைவாகச் சிவகாசி வெப் டிசைனரின் கையில் உருவானது, வேறெங்கும் காணக்கிடைக்காத ஒரு பக்க வகை. தீபாவளிக்கு முன் ஏதாவது ஒரு கடையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அட்டவணை நீண்டுகொண்டே போகும். ஒற்றை வெடி, லட்சுமி, குருவி, பிஜிலி, தரைச்சக்கரம், பூச்சட்டி, 7 செ.மீ. கம்பி மத்தாப்பு, 10 செ.மீ. கம்பி மத்தாப்பு. ஒவ்வொரு வரியிலும் குறுக்கே கோடிட்ட ஒரு பெரிய விலை, பக்கத்தில் 80 சதவீதம் தள்ளுபடி போன உண்மை விலை, எண்ணிக்கை எழுத ஒரு சிறு கட்டம். எண் போடப் போட அடியில் மொத்தம் ஏறிக்கொண்டே வரும். எல்லாம் கடைபோலவே இருக்கும், பணம் கட்டும் பொத்தான் மட்டும் இருக்காது. அதற்குப் பதில் ‘எஸ்டிமேட்’ என்றோ ‘என்கொயரி’ என்றோ ஒரு பொத்தான். மேலே ஓர் அறிவிப்பு, உச்ச நீதிமன்ற ஆணைப்படி ஆன்லைனில் விற்பதில்லை, பட்டியலை அனுப்பினால் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ தொடர்புகொள்வோம் என்று சொல்லும். அச்சு யுகத்தின் விலைப்பட்டியல் தாள் இப்படி வலைக்குள் மறுபிறவி எடுத்திருக்கிறது. முன்பு தபாலில் வந்த பட்டியலில் பேனாவால் எண் எழுதி அனுப்பியவர்கள் செய்ததையே, கூட்டல் வேலை மட்டும் மிச்சமாக, இன்று விரலால் செய்கிறோம்.

போலியும் இரண்டுக்கும் பொது. புகழ்பெற்ற மார்க்கின் நிறத்தையும் உருவத்தையும் ஒட்டி வேறொரு லேபிள் வரும். புகழ்பெற்ற கடையின் பக்கத்தை ஒட்டி வேறொரு பக்கம் வரும். முன்னதில் வாங்கியவர் கைக்குத் தரம் குறைந்த சரக்காவது வந்தது. பின்னதில் பணம் போவதோடு சரி. போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றி 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு சைபர் க்ரைம் பிரிவு எச்சரிக்கை விடுத்தது.

இரண்டையும் ஆழமாகப் பிரிப்பது காலம். 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது, 14 ஆண்டுகளுக்குப் பிறகு. விலை அச்சிட்ட லேபிள் அத்தனையும் மாற வேண்டியிருந்தது. வலைப்பக்கத்தில் அதே திருத்தம் சில நிமிட வேலை. பிளேட்டுக்குப் போவதற்கு முன் அச்சக டிசைனர் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படிப்பதும், வெப் டிசைனர் ‘போட்டுவிட்டுப் பார்க்கலாம்’ என்பதும் குணபேதம் அல்ல. பிழைக்கு அவரவர் தொழில் வைத்திருக்கும் விலையின் பேதம்.

எழுத்துருவிலும் இந்தக் கால வேறுபாடு தெரிகிறது. யூனிகோட் 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. அச்சக டி.டி.பி. உலகமோ பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் நீண்ட காலம் தங்கிவிட்டது. அங்கே அடித்த வரியை அப்படியே எடுத்து வலைப்பக்கத்தில் ஒட்டினால் ரோமன் எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாக வரும். தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும். வலையில் தேடுகிற இயந்திரத்துக்கும் புரிந்தாக வேண்டும். அதே முதலாளியின் அதே சரக்குப் பெயரை இரண்டு டிசைனர்களும் தனித்தனியே தட்டச்சு செய்வது இதனால்தான். இந்த இடத்தில் வலை முன்னால் நிற்கிறது, அச்சகம் அதைப் பின்பற்ற வேண்டும்.

நிலைப்பதில் நிலைமை தலைகீழ். ஒரு முறை உரசி எறிவதற்காகப் பிறந்த தீப்பெட்டியின் லேபிளை உலகெங்கும் சேகரிப்போர் ஆல்பங்களில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஐம்பது, அறுபது ஆண்டு பழைய லேபிள் இன்றும் கிடைக்கிறது. உலகம் முழுவதும் பார்க்கட்டும் என்று ஏற்றிய வலைப்பக்கமோ, டொமைனைப் புதுப்பிக்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கு இருக்காது. இண்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் வலையைச் சேமித்துவந்தாலும், எல்லாச் சிறு கடைகளின் பருவகாலப் பக்கங்களும் அதில் அகப்படுவதில்லை.

சேர்த்து நிறுத்துப் பார்த்த பின் என் கணிப்பு இது. பார்ப்பவரின் தூரத்தையும் பொறுமையையும் அறிந்து வடிவமைப்பதில் சிவகாசியின் அச்சுக் கலைஞர்கள் முன்னால் நிற்கிறார்கள். திருத்திக்கொள்வதிலும் தேடக் கிடைப்பதிலும் வலை முன்னால் நிற்கிறது. இன்றைய பட்டாசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டு டெம்ப்ளேட்டின் நகல்களாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் இருக்கின்றன. அணிலையும் சேவலையும் அடையாளமாக்கி நிலைநாட்டிய ஊரின் தளங்கள் அப்படி இருக்கத் தேவையில்லை. பக்கத்துத் தெரு அச்சகத்தின் பழைய லேபிள் கட்டுகளை ஒரு மதியம் புரட்டிப் பார்த்தால் போதும், நிறமும் எழுத்தும் உருவமும் எடுத்துக்கொள்ள எத்தனையோ இருக்கின்றன. அச்சக உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: இடம் அடைக்கிறது என்று அந்தக் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள், போடத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியையாவது ஸ்கேன் செய்து, ஆண்டும் வரைந்தவர் பெயரும் எழுதி வையுங்கள். வெப் டிசைனர்களும் தாங்கள் செய்த பக்கங்களை ஆண்டுக்கு ஒரு முறை சேமித்து வைக்கட்டும்.